பிரேக்கை மிதித்தால் மீட்டரில் வெளிச்சம்

புளியரையிலிருந்து ஆரியங்காவு வழியாகத் தென்மலைக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புகிற எனக்கு, 1998-இல் அப்பா செங்கோட்டையில் வாங்கிய 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிதான் இன்றும் துணை. சென்ற ஆண்டு ஆடிச் சாரலில் ஒரு மாலை, கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தைக் கடந்து மரநிழல் கவிந்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது, விளக்குச் சுவிட்சைப் போடாமலேயே, வேகம் காட்டும் மீட்டரின் விளக்கு மங்கலாக எரிந்து, காலை எடுத்ததும் அணைந்தது. வீட்டுக்கு வந்து பின்னால் போய்ப் பார்த்தால், பிரேக் விளக்கு அணையப்போகும் பீடி நெருப்பைப்போலச் சிவந்திருந்ததே தவிர ஒளி இல்லை. பாரம் ஏற்றிய லாரிகள் முதுகை ஒட்டியே வரும் எஸ் வளைவில், பிரேக் விளக்கில்லாமல் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

மறுநாள் காட்டிய மெக்கானிக், "பேட்டரி வீக்காயிட்டு அண்ணாச்சி" என்று புதிய பேட்டரி போட்டுக் கொடுத்தார். வெயில் அடித்த இரண்டு நாளும் விளக்கு நன்றாக எரிந்தது. சாரல் திரும்பியதும் பழைய கதைதான். அடுத்து பிரேக் சுவிட்சை மாற்றியும் பலனில்லை. அதற்குமேல் பொருள்களை மாற்றிக்கொண்டே போக மனம் ஒப்பவில்லை. வோல்ட்டையும் மின்தடையையும் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

முதலில் பேட்டரியை அளந்தேன். இன்ஜின் ஓடாதபோது 12.5 வோல்ட், சற்று முறுக்கி ஓடவிட்டபோது 14.1 வோல்ட் காட்டியதால், பேட்டரி, மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயில், அதைச் சீராக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் ஆர்.ஆர். (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) யூனிட் மூன்றின்மீதும் இருந்த ஐயம் ஐந்து நிமிடத்தில் நீங்கியது. ஃபியூஸும் பல்பும் சரியாகவே இருந்தன.

அடுத்த ஒரு மாலைப் பொழுது வீணானது. பின்விளக்கிலிருந்து மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான பச்சை எர்த் ஒயருக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் ஒலிக்கும் 'பீப்' நிலையில் வைத்துப் பார்த்தேன், பீப் ஒலித்தது, எர்த் சரி என்று முடிவுகட்டி, ஹேண்டில்பாரில் உள்ள சுவிட்சுகளைப் பிரிக்கத் தொடங்கிவிட்டேன். உண்மையில், இருபது முப்பது ஓம் தடை இருந்தால்கூடப் பல மல்டிமீட்டர்கள் பீப் ஒலிக்கும். மல்டிமீட்டர் அனுப்பும் மிகச் சிறிய மின்னோட்டத்துக்கு அறுந்துபோன ஒயரின் ஓரிழை போதும். 21 வாட் பிரேக் பல்புக்குத் தேவைப்படும் ஒன்றே முக்கால் ஆம்பியருக்கு அது போதவே போதாது.

ஆகவே ஒயரைச் சுமையோடு, அதாவது பல்புக்கான மின்னோட்டம் ஓடும்போதே, சோதிக்க வேண்டும் என்பது மறுநாள்தான் உறைத்தது. மகள் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்ள, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையைப் பின்விளக்கின் எர்த்திலும் தொட்டேன். நல்ல எர்த்தில் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் 9.3 வோல்ட் காட்டியது. ஒரு துண்டு ஒயரால் அவ்விரண்டு இடங்களையும் இணைத்ததும் பிரேக் விளக்கு பளீரென்று எரிந்தது. "அப்பா, மீட்டர் லைட் அணைஞ்சிட்டு!" என்று மகள் முன்னாலிருந்து கத்தினாள்.

மீட்டர் விளக்கு எரிந்ததற்கான காரணமும் அப்போது விளங்கியது. பிரேக்குக்கும் டெயிலுக்கும் ஒரே பல்பில் இரண்டு இழைகள். இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அந்த வழி அடைபட்டதால், பிரேக் இழையில் நுழைந்த மின்சாரம் டெயில் இழை வழியாகப் பின்னோக்கிச் சென்று, அதே ஒயரில் சேர்ந்துள்ள மீட்டர் பல்பின் வழியாக எர்த்தைத் தேடிக்கொண்டது.

சீட்டைக் கழற்றி ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். பின் மட்கார்டு போல்ட்டருகே, வெளித்தோல் புதிதுபோல் இருந்தும், விரலால் அழுத்தினால் ஓரிடம் மட்டும் நெகிழ்ந்து மடிந்தது. பிளேடால் கீறியபோது உள்ளே செம்பு இல்லை. பச்சைக் களிம்பும் கறுத்த பொடியும், அவற்றின் நடுவே இரண்டே இரண்டு இழைகளும் இருந்தன. கறுத்த செம்பில் சால்டர் (பற்றவைக்கும் ஈயம்) ஒட்டாது என்பதால், பளபளக்கும் செம்பு தென்படும்வரை, ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்கு ஒயரை வெட்டி எறிய வேண்டியதாயிற்று. புதிய ஒயரைச் சால்டர் வைத்து இணைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடேற்றி இறுக்கினேன். சேஸிஸில் எர்த் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருந்த பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் உலோகம் தெரியத் தேய்த்து, ஒயர் நுனியில் மாட்டும் வளையமான லக்கைப் புதிதாக முடுக்கி, மேலே வாசலின் பூசினேன்.

மீண்டும் அதே இடங்களில் அளந்தபோது, பிரேக்கை மிதித்த நிலையில் 0.04 வோல்ட். அன்றே ஹெட்லைட் கூட்டுக்குள் இருக்கும் எர்த் இணைப்பையும் பிரித்துச் சுத்தம் செய்தேன். அதன் லக்கிலும் பச்சை படியத் தொடங்கியிருந்தது.