கல்லணை முதல் பூம்புகார் வரை: ஒத்திகையில் மாறிய சைக்கிள் திட்டம்

கல்லணையில் தொடங்கி, காவிரியோடு கூடவே மிதித்துப்போய்ப் பூம்புகார் கடற்கரையில் இறங்க வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. கல்லணை–பூம்புகார் நெடுஞ்சாலையிலேயே போனால் வழி தவறாது. ஆனால் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கியே பொழுது போய்விடும். அதனால் மூன்று வாரமாக ராத்திரியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஆற்றங்கரைச் சாலைகளையும் ஊருக்கு ஊர் போகும் சின்னச் சாலைகளையும் கோத்துக்கொண்டிருக்கிறேன். திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. ஒரு கரை சரியில்லை என்றால் பாலம் தாண்டி இன்னொரு கரைக்கு மாறிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. ராத்திரி தங்க திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை. ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வைக்கவில்லை.

தை கடைசியில் ஓர் ஒத்திகையாகக் கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை வழியாகத் திருவையாறு வரை போய்த் திரும்பினேன். கேரியரில் 7 கிலோ பை, மூன்று லிட்டர் தண்ணீர்.

வரைபடத்தில் சாலை என்று குறித்திருந்த ஒரு கரை, ஒரு மதகோடு முடிந்துபோனது. அதற்கு மேல் மாட்டுவண்டித் தடம்தான். கால் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். சரி, அதைச் சமாளிக்கலாம். சம்பா அறுவடை நேரம் என்பதைத்தான் நான் யோசிக்கவே இல்லை. வண்டி வராத நல்ல சாலை எங்கே உண்டோ, அங்கெல்லாம் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது. ஒரு பாட்டி காலாலேயே கோடு கோடாக நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். “ஓரமா போ தம்பி, நெல்லு மேல ஏத்திராத” என்றார். இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். அவர்களுடைய ஒரு வருஷத்துச் சோறு அது. அடுத்த ஊரில் சாலை முழுக்க வைக்கோல். அது பின்சக்கரத்தில் பல்சக்கரத்துக்கும் கம்பிகளுக்கும் நடுவே கயிறு திரித்த மாதிரி இறுகிக்கொண்டது. செயினைக் கழற்றி, பேனாக்கத்தியால் ஒவ்வொரு இழையாக அறுத்து எடுக்க இருபது நிமிஷம் ஆனது.

அப்புறம் காற்று. மேற்கே போகும்போது முதுகைத் தள்ளியது, மணிக்கு 18 கிலோமீட்டர் சுலபமாக வந்தது. திரும்பும்போது அதே கீழ்க்காற்று நெஞ்சில் அடித்தது. எவ்வளவு மிதித்தும் 12-ஐத் தாண்டவில்லை. கல்லணையிலிருந்து கடலுக்கு என்றால் நாலு நாளும் இப்படித்தான் இருக்கும்.

திசையை மாற்றிப் பூம்புகாரிலிருந்து கிளம்பலாம்தான். ஆனால் ஆறு போகிற போக்கில் போய்க் கடலில் முடிக்க வேண்டும் என்பதை விட மனசு வரவில்லை. அதனால் மாதத்தை மாற்றிவிட்டேன். ஆடி முதல் வாரம். அம்மியே பறக்கும் என்று சொல்கிற அந்த மேல்காற்று கடல் வரைக்கும் தள்ளிவிடும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் பக்கத்திலேயே தண்ணீரும் ஓடும். சாலையில் நெல்லும் வைக்கோலும் இருக்காது. பதினெட்டாம் பெருக்குக் கூட்டத்துக்கு முன்பே முடித்துவிடலாம். வெயிலுக்குப் பயந்து காலை ஐந்துக்கே கிளம்பி, பத்தரைக்குள் அன்றைய தூரத்தை முடிப்பதாக நேரம் போட்டிருக்கிறேன்.

அதற்குள் மயிலாடுதுறைக்குக் கிழக்கே உள்ள கடைசித் துண்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே குறித்து வைத்திருக்கும் இரண்டு கரைச் சாலைகளும் எந்த மதகில் நிற்கின்றன என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.