அத்தை வீடு அம்பத்தூரில் இருந்ததால்

யாருக்கு எந்த ஊரில் சொந்தக்காரர் இருக்கிறாரோ, அவருக்கு அந்த ஊரில்தான் இன்டர்ன்ஷிப். எங்கள் வகுப்பில் அதுதான் எழுதாத விதி. எனக்கு அம்பத்தூரில் அத்தை. அதனால் 2023 மே மாதம் திருச்சியிலிருந்து வந்து, எழும்பூரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் 45 நாள் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சுற்றுலாவியல் படிக்கிற பெண்ணைத் தனியாகக் கொடைக்கானலுக்கு அனுப்ப எந்த வீட்டில் சம்மதிக்கிறார்கள்?

முதல் பத்து நாள் ஜெராக்ஸ் எடுக்கும் வேலை. எரிச்சலாக இருந்தாலும், விசா விண்ணப்பங்களை அடுக்கும்போதே படித்துக்கொண்டேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். பாடப்புத்தகம் இதையெல்லாம் ‘பயண ஆவணங்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தது.

பெரிய தலைவலி பெயர்தான். நம் ஊர்க்காரர்களுக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பலருடைய பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வர முடியாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. உள்பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பிறகு தளர்த்தியது. மகள் பிரசவத்துக்குத் துபாய் கிளம்பிய ஒரு அம்மாவிடம் அந்தப் பக்கத்தைக் கேட்டேன். “அவர் போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் ஆகிறது, இப்போது அவர் பெயர் எதற்கம்மா?” என்றார். விளக்கிச் சொல்லி, நகல் எடுத்து, டிக்கெட்டில் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். இந்தக் கவனம் எழும்பூர் கொடுத்தது.

ஆனால் அந்த 45 நாளில் ஒரு சுற்றுலாத் தலத்தைக்கூட மிதிக்கவில்லை.

இரண்டாவது பயிற்சி 2024 ஜனவரியில். அப்பா மறுபடியும் அம்பத்தூர் என்றார். மாமல்லபுரத்தில் வேலை பார்த்த சீனியர் அக்கா ஒருவர் போனில் அவரிடம் பேசினார். “என்கூடத்தான் தங்குவாள், அங்கிள். ராத்திரி எட்டு மணிக்குள் அறைக்கு வந்துவிடுவாள்.” விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து விழுந்தது அந்த ஒரு போனால்தான்.

அங்கே உரிமம் பெற்ற கைடு ஒருவருக்குப் பின்னால் நடப்பது என் வேலை. உரிமம் இல்லாமல் நான் வழிகாட்டியாகப் பேசக் கூடாது. குடை பிடிக்கலாம், தலை எண்ணலாம், டிக்கெட் வாங்கலாம். நம்மவர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. முதல் நாளே ஒரு ஜெர்மன் தம்பதி, ஏன் பதினைந்து மடங்கு என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பராமரிப்புச் செலவு, பாரம்பரியம் என்று மனப்பாடத்தை ஒப்பித்தேன். அவர்கள் முகம் இன்னும் இறுகியது. கைடு அண்ணன் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. “இதே டிக்கெட்டில் இன்றைக்கே கடற்கரைக் கோயிலும் பார்க்கலாம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு ஐந்து ரதங்களை நோக்கி நடந்தார். அவர்களும் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் கைடு அண்ணன் செய்ததைத்தான் நான் அதிகம் கவனித்தேன். முதலில் குழுவை முதுகில் வெயில் படும்படி நிறுத்துவார். கண் கூசக் கூடாதே. வயதானவர்களுக்கு நிழல். பிறகு, “இதில் தவம் செய்கிற பூனை ஒன்று இருக்கிறது, கண்டுபிடியுங்கள்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார். அவ்வளவு பெரிய பாறையில் யானைகள், நாகர்கள், முனிவர்கள் எல்லாரையும் தாண்டித் தேடி, யானைத் தந்தத்துக்குக் கீழே முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் பூனையையும் சுற்றியுள்ள எலிகளையும் யாராவது கண்டுபிடிப்பதற்குள் மொத்தச் சிற்பத்தையும் பார்த்து முடித்திருப்பார்கள். அதற்கப்புறம்தான் பல்லவர் கதை. தவம் செய்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்ற விவாதத்தையும் மறைக்காமல் சொல்வார்.

மாமல்லபுரத்தில் குறை இல்லாமல் இல்லை. நான் இருந்த இடத்தில் முன்பதிவு எல்லாம் போனும் நோட்டுப் புத்தகமும்தான். டிக்கெட் மென்பொருளை அங்கே மட்டும் இருந்திருந்தால் தொட்டே இருக்க மாட்டேன். மாதமும் முக்கியம். வெளிநாட்டவர் அதிகம் வருவது நவம்பர் முதல் மார்ச் வரை. அதே மாமல்லபுரத்துக்கு மே மாதம் போயிருந்தால் வெயிலைத்தான் கற்றிருப்பேன். ஊட்டிக்கு மே மாதம் போன தோழியோ மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் சாப்பிடக்கூட நேரமில்லாமல் வேலை கற்றாள். அவளுக்குக் குன்னூரில் சித்தி.

இப்போது ஜூனியர் பெண்கள் என்னிடம் விசாரிக்கிறார்கள். கல்லூரிக் கடிதம், நிறுவனத்தின் ஒப்புதல், தினமும் கையெழுத்து வாங்க வேண்டிய குறிப்பேடு பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் வீட்டு நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அவர்கள் அப்பாவிடம் நானே பேசுகிறேன்.