ஒரே ராத்திரியில் 14 முகவரியை மாற்றி ப்ராஜெக்டைக் கோட்டை விட்டேன்

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. டிஜிட்டல் மார்க்கெட்டிங் சான்றிதழ் தேர்வு, இரண்டாவது தடவையில் பாஸ். தியரிக்கு மாதிரித் தாள்களைப் போட்டுப் பார்த்தாலே போதும். போன தடவை என்னைக் கவிழ்த்தது ப்ராஜெக்ட், அதிலும் பக்க முகவரி (URL) என்ற ஒரே விஷயம், அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

அத்தை பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறாள். அவளுக்காக 14 பக்கத்தில் ஒரு தளம் செய்தேன். முகவரிகள் கேள்விக்குறியும் எண்ணுமாகத்தான் இருந்தன, ஆனாலும் கூகுளில் ஏறி, தேடினால் வர ஆரம்பித்திருந்தது. மதிப்பீட்டுக்கு 9 நாள் இருக்கும்போது, முகவரியில் தேடுசொல் இருந்தால்தான் மேலே வரும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரே ராத்திரியில் அத்தனையையும் தமிழுக்கு மாற்றினேன். பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 போடவில்லை. வைவாவில் மேடம் தன் போனில் தேடி முதல் லிங்கைத் தொட்டார். 'அந்தப் பக்கமே இல்லை' என்று 404. அடுத்ததும் 404. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார், எனக்கு வாயே வரவில்லை.

இத்தனைக்கும் முகவரியில் இருக்கும் சொல்லால் ரேங்கில் பெரிதாக ஒன்றும் நடக்காது என்று கூகுளின் தொடக்கநிலை வழிகாட்டியே சொல்கிறது. நான் அதைப் படித்தது ஃபெயில் ஆன பிறகு.

தமிழ் முகவரி தப்பில்லை, கூகுள் படிக்கும். ஆனால் காப்பி செய்து வாட்ஸப்பில் ஒட்டினால் ஒவ்வொரு எழுத்தும், புள்ளியும் துணைக்காலும்கூட, தனித்தனியாக 9 குறியாக விரியும். 'பத்தமடை-பாய்' என்பது சரியாக 100 குறி ஆனது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "ஏலே, இது பேங்க் பேரைச் சொல்லி ஏமாத்துறவன் அனுப்புற லிங்க் மாதிரில்லா இருக்கு, இதை யார்ட்ட குடுக்க?" என்றாள். அவள் கேட்டது நியாயம்.

இரண்டாவது தடவை கம்ப்யூட்டரைத் தொடுமுன் எல்லா முகவரியையும் ஆங்கில எழுத்தில் நோட்டில் எழுதினேன். பத்தமடையை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள், அதனால் கூகுளில் என்ன தேடும்போது நம் தளம் வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில், தேடுகிறவர்கள் எதை அடிக்கிறார்கள் என்று பார்த்து ஒன்றை முடிவு செய்தேன். அப்புறம் ஒவ்வொன்றையும் அத்தைக்குப் போனில் வாசித்தேன். அவள் ஒரே தடவையில் சரியாக எழுதிக்கொண்டால் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் அடித்துவிடுவேன். எனக்கு இதைவிட நல்ல சோதனை தெரியாது.

மற்றவை:
- சொற்களுக்கு நடுவே ஹைபன். அடிக்கோடு (_) வேண்டாம்.
- எல்லாம் சின்ன எழுத்து. டொமைனுக்குப் பின்னால் வரும் பகுதியில் பெரிய எழுத்து வந்தால் அது வேறு முகவரி.
- வருடத்தை முகவரியில் வைக்காதீர்கள். விலைப்பட்டியல் பக்கத்தில் வைத்துவிட்டு நான் பட்டது போதும்.
- ஒரே பாய் இரண்டு முகவரியில் திறந்தால், எது முதன்மை முகவரி என்று கூகுளுக்குச் சொல்லும் கேனானிகல் குறிப்பைப் போடுங்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழையது, புதியது என்று இரண்டு பத்தியாகப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும் அதே பொருளுள்ள புதிய பக்கத்துக்கு 301 கொடுங்கள், மொத்தத்தையும் முகப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். குறைந்தது ஒரு வருடம் அதை எடுக்கக் கூடாது. 302 தற்காலிகத்துக்கு, வைவாவில் இந்த வித்தியாசத்தை என்னிடம் இரண்டு தடவையும் கேட்டார்கள்.

அடுத்த வாரம் மதிப்பீடு இருக்கிறவர்கள் முகவரி எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் இப்போது கை வைக்காதீர்கள். தளத்தின் பெயரை உங்கள் போனில் தேடி, வருகிற லிங்க் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். மேடம் அதைத்தான் செய்வார்.