தந்தை பெயர் இல்லாத ஒரு வரி: பாம்பனிலிருந்து பேசாலை வரை தேடியது

என் தாத்தாவைப் பெற்றவர் யார் என்பது எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. தாத்தா பாம்பனில் பிறந்தவர், கடலுக்குப் போனவர், 1996ல் இறந்தார். அவருடைய அம்மாவை, அதாவது என் பூட்டியை, ஊரில் வயதானவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கருவாட்டு வியாபாரம் பார்த்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். பின்னால் பிறந்த நான்கு பேருக்கும் அப்பா உண்டு, கல்லறையில் அவர் பெயரும் உண்டு. மூத்தவரான தாத்தாவுக்கு மட்டும் அந்த இடம் காலி.

அப்பாவுக்கு இப்போது 74 வயது. இன்னும் தள்ளிப்போட்டால் கேட்கவும் ஆளிருக்காது, சொல்லவும் ஆளிருக்காது என்று தோன்றியதால் போன வருடம் தேட ஆரம்பித்தேன். பதினான்கு மாதம் ஆகிறது. வேலை இன்னும் முடியவில்லை. இதுவரை வந்த வழியை எழுதி வைக்கிறேன்.

முதலில் கிடைத்தவை மூன்று காகிதங்கள். தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயராக இருப்பது அவருடைய தாய்மாமன் பெயர். 1958ல் அவர் மனை வாங்கிய பத்திரத்தில், பூட்டி பிற்பாடு கட்டிக்கொண்டவரின் பெயரைப் போட்டு அவருடைய குமாரர் என்று எழுதியிருக்கிறது. பத்திரம் எழுதுகிறவருக்குக் குமாரர் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு பெயர் வேண்டும், யாரோ ஒருவர் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார். அந்த இரண்டு ஆண்களையும் நினைத்தால் எனக்கு நன்றியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெற்றவரைத் தேடுகிறவனுக்கு இரண்டு காகிதங்களும் வழி காட்டவில்லை.

மூன்றாவது, கோயில் ஞானஸ்நானப் புத்தகம். பங்கு அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கிடைத்தது. படம் எடுக்கக்கூடாது, கையால் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். 1927ஆம் வருடப் பக்கங்கள் லத்தீனில் இருந்தன. அம்மா பெயர் இருந்தது. அப்பா பெயர் வரவேண்டிய இடத்தில் 'பாத்ரே இக்னோத்தோ' என்று இரண்டு சொல். தந்தை அறியப்படாதவர்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது, பூட்டிக்கே தெரியாதோ என்ற எண்ணம் எனக்குள் ஓடியது. அப்படி நினைத்தது தப்பு. வயதான குருவானவர் ஒருவர்தான் அதைத் திருத்தினார். அந்தக் காலத்துக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 1917ல் வெளியாகி 1918 முதல் நடப்புக்கு வந்தது. அதில் 777வது பிரிவு இதைப் பற்றியதுதான். கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளைக்குத் தந்தை பெயரைப் பங்குக் குரு தன் விருப்பத்துக்கு எழுத முடியாது. அந்த ஆளே தானாக முன்வந்து, எழுத்திலோ இரண்டு சாட்சிகள் முன்னிலையிலோ கேட்க வேண்டும். அல்லது நம்பத்தகுந்த பொது ஆவணம் ஒன்றிலிருந்து தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 'அறியப்படாத தந்தையின் பிள்ளை' என்றுதான் எழுத வேண்டும். ஊருக்கே தெரிந்திருந்தாலும் அப்படித்தான்.

ஆக, 'அறியப்படாதவர்' என்றால் பூட்டிக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை. அந்த மனிதர் கோயிலுக்கு வந்து என் பெயரை எழுதுங்கள் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் அந்த வரியில் இருப்பது. அதற்கப்புறம் என் கேள்வியே மாறிப்போனது. அவர் ஏன் வரவில்லை? வர மனமில்லையா, வரமுடியாத தூரத்தில் இருந்தாரா, உயிரோடு இல்லையா?

உயிரோடு இல்லை என்பதற்கு ஒரு கதை எங்கள் வீட்டிலேயே இருந்தது. பூட்டிக்கு முறைமாப்பிள்ளை ஒருவர் இருந்தாராம். கல்யாணம் பேசி முடித்த பிறகு காய்ச்சலில் இறந்துவிட்டாராம். அடக்கப் புத்தகத்தில் அவரைக் கண்டுபிடித்தேன்: 1927 ஜனவரி 8. தாத்தா பிறந்தது செப்டம்பர் 6 என்று குறித்து வைத்திருந்தேன். கணக்கு சரியாகப் பொருந்தியது. எட்டு மாதம் இதை நம்பினேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார்.

அது தவறு. தவறு என் கண்ணில்தான். புத்தகத்தில் மாதம் '9ப்ரிஸ்' என்று இருந்தது. ஒன்பது, ஆகவே செப்டம்பர் என்று எடுத்துக்கொண்டேன். லத்தீனில் நோவெம் என்றால் ஒன்பது. '9ப்ரிஸ்' என்பது நொவெம்ப்ரிஸ், நவம்பர். பழைய எழுத்தில் 7 போட்டால் செப்டம்பர், 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். மார்ச் முதல் மாதமாக இருந்த ரோமானியக் காலத்து எண்ணிக்கை சுருக்கெழுத்தில் தங்கிவிட்டது. வரிசையாக முன்னும் பின்னும் உள்ள பதிவுகளைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம். எங்கள் வீட்டு வரிக்கு மேலே இருந்தது ஒரு அக்டோபர் பதிவு. இந்த வேலையில் இறங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் வரியை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடாதீர்கள்.

நவம்பர் 6 என்றால் அந்த முறைமாப்பிள்ளை இறந்து 302 நாள். கரு உண்டானதிலிருந்து பிள்ளை பிறக்கச் சராசரியாக 266 நாள். அவர் தகப்பனாக இருக்க முடியாது. அப்பாவிடம் இதைச் சொல்லப் போனதுதான் இந்தப் பதினான்கு மாதத்தில் எனக்குக் கஷ்டமான காரியம். அவருக்கு மனதில் ஒரு முகம் கிடைத்திருந்தது. அதை நானே எடுத்துவிட்டேன்.

அப்புறம் தங்கச்சிமடத்துப் பாட்டியிடம் போனேன். தாத்தாவின் கடைசித் தங்கை, ஒரு தாய் வயிறு, வேறு அப்பா. 88 வயது. மூன்று தடவை போய் வெறுமனே பேசிவிட்டு வந்தேன். நான்காவது தடவை, மீன் ஆய்ந்துகொண்டிருந்தவர், நான் கேட்காமலே சொன்னார்.

"வத்தையில வந்து போற ஆளுய்யா. தலைமன்னார்ப் பக்கம். எங்க ஆத்தா ஒரே ஒரு தடவ சொல்லுச்சு. அதுக்கு மேல நான் கேக்கல."

வத்தை என்றால் நாட்டுப்படகு. இது நடக்கக்கூடிய காரியம்தான். தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னார் கடல் வழியில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1914லிருந்து ரயிலை விட்டு இறங்கிக் கப்பலேறிப் போகிற வழியும் இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை அந்த வழி நடந்தது. கப்பலுக்குக் காசில்லாதவர்களுக்கு வத்தை இருந்தது. கருவாடும் கல்யாணமும் மடு மாதா கோயில் நேர்ச்சையும் அதிலேதான் அக்கரை போய் வந்தன.

வீட்டுக்கு வந்து, கையால் எழுதிவந்த ஞானஸ்நானப் பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தந்தை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்கிற ஞானத்தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் ஊர் இருந்தது: பேசாலை. மன்னார்த் தீவின் வடகரையில் உள்ள கத்தோலிக்க மீனவ ஊர். பாம்பனில் அப்பா பெயர் இல்லாமல் பிறந்த பிள்ளைக்குக் கடலுக்கு அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் ஏன் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும்? பெற்றவர் தன் பிள்ளைக்கே ஞானத்தகப்பனாக நிற்கக்கூடாது என்பதும் அதே திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. பெற்றவரின் உறவினர் நிற்கலாம்.

இந்த இடத்தில் காகிதம் தீர்ந்துவிட்டது. டிஎன்ஏ பரிசோதனைக்குப் போனேன். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து மூன்று பெட்டிகள் வாங்கினேன். எச்சில் துப்புகிற வகை வேண்டாம், கன்னத்தின் உள்பக்கம் குச்சியால் தேய்க்கிற வகை வேண்டும் என்று பார்த்து வாங்கினேன். 88 வயதில் வாய் வறண்டிருக்கும், குழாய் நிரம்பாது. ஒரு பெட்டி அப்பாவுக்கு. எனக்குச் செய்வதைவிட ஒரு தலைமுறை கிட்டே. ஒன்று தங்கச்சிமடத்துப் பாட்டிக்கு. இன்னொன்று என் அப்பத்தாவின் அண்ணன் மகனுக்கு.

பரிசோதனை செய்த மற்றவர்களில் யார் யாரோடு டிஎன்ஏ பொருந்துகிறது என்று நிறுவனம் ஒரு பட்டியல் தரும். ஏன் மூன்று என்றால், அப்பாவின் பட்டியலில் வருகிற உறவுகள் எந்தப் பக்கத்து உறவுகள் என்று பிரிக்க வேண்டும். பாட்டியோடும் பொருந்தினால் அது பூட்டி வழி. அப்பத்தா அண்ணன் மகனோடும் பொருந்தினால் அப்பத்தா வழி. இரண்டிலும் சேராதது, தெரியாதவர் வழியாக இருக்கலாம். நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பூட்டியிடமிருந்து பாட்டிக்கு வந்தது பாதிதான், மற்ற பாதி இந்தச் சல்லடையில் விழாது. இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டவர்கள். தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தம்போல எண்ணில் காட்டும். துண்டு துண்டாகச் சின்னப் பொருத்தங்கள் நிறைய வந்தால் நம்பக்கூடாது. ஒரே துண்டு நீளமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு பேருக்கும் பொதுவாக எவ்வளவு டிஎன்ஏ இருக்கிறது என்பதற்கான அளவு சென்டிமார்கன். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் 3400க்கு மேல் வரும், ஒவ்வொரு தலைமுறை தள்ளவும் ஏறக்குறைய பாதியாகும். அப்பாவும் பாட்டியும் 880. தாயொன்று தகப்பன் வேறான அத்தைக்கு எதிர்பார்க்கிற அளவு அதுதான். பாட்டி சொன்ன உறவை எண்ணும் சொன்னது.

இந்தியாவில் இந்தப் பரிசோதனை செய்தவர்கள் குறைவு. அப்பாவின் பட்டியலில் முதல் நூறு பேரில் தமிழ்நாட்டு முகவரி எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆனால் 1983க்குப் பிறகு இலங்கையை விட்டுப் போனவர்களின் பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள், அவர்கள் செய்துகொள்கிறார்கள். மேலே நின்றது டொரன்டோவில் இருக்கிற ஒரு பெண்: 236 சென்டிமார்கன், நீளமான துண்டு 61. பாட்டியோடும் பொருந்தவில்லை, அப்பத்தா பக்கத்தோடும் பொருந்தவில்லை.

அவருக்கு எழுதும் முன்னால் இரண்டு நாள் யோசித்தேன். அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றிய விஷயம் இது. எதையும் மறைக்காமல், என்ன தேடுகிறேன், எது தெரியவரலாம் என்று எழுதி, உங்களுக்கு விருப்பமில்லையென்றால் நிறுத்திக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. "அண்ணா, எங்கட அம்மம்மா பேசாலை" என்று தொடங்கியது.

அவருடைய அம்மம்மாவின் அப்பா, அண்ணன் தம்பி மூன்று பேரில் கடைசி. மூத்த அண்ணனின் பெயரை அனுப்பினார். ஞானத்தகப்பனாகப் பாம்பனில் நின்றவரின் பெயர்தான். நடுவில் உள்ளவர் கல்யாணம் ஆகாமல் சின்ன வயதிலேயே கடலில் போய்விட்டாராம். எந்த வருடம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இப்போது நிற்கிற இடம் இதுதான். கடைசித் தம்பி தாத்தாவின் அப்பாவாக இருந்தால், டொரன்டோக்காரிக்கும் என் அப்பாவுக்கும் சராசரியாக 225 அளவில் வரும். நடு அண்ணன் என்றால் 120 அளவில். 236 முதல் பக்கம் சாய்கிறது. ஆனால் நெருங்கிய சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் 120 இருக்கவேண்டிய இடத்தில் 236 வருவது நடக்காததல்ல. அதனால் அந்தப் பெண்ணின் அம்மாவையே பரிசோதிக்கக் கேட்டிருக்கிறேன். ஒரு தலைமுறை மேலே போனால் இடைவெளி விரியும்: கடைசித் தம்பி என்றால் 450ஐ ஒட்டி, நடு அண்ணன் என்றால் 230ஐ ஒட்டி. பெட்டி போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொன்று ஆண் வழிப் பரிசோதனை. மூத்த அண்ணனின் மகன் வயிற்றுப் பேரன் பேசாலையிலேயே இருக்கிறார். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிற ஒய் குரோமோசோம் அவருக்கும் என் அப்பாவுக்கும் பொருந்தினால், வீடு இதுதான் என்று உறுதியாகும். சகோதரர்களில் எவர் என்று அது சொல்லாது, மூவருக்கும் அது ஒன்றுதான். முறைமாப்பிள்ளை விஷயத்தில் அவசரப்பட்டதால், இந்த இரண்டு முடிவும் வரும்வரை அப்பாவிடம் வாய் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் பேசாலைக்காரரோடு வாட்ஸாப்பில் பேசுவதை அவர் பக்கத்து அறையிலிருந்து கேட்டுவிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நடுவுல உள்ளவரு பேரு என்னன்னு கேளு" என்றார். அந்தப் பெண்ணின் கடிதத்தில் மூத்தவர் பெயரும் கடைசித் தம்பி பெயரும் இருந்தன, நடுவில் உள்ளவரின் பெயர் இல்லை. அது இல்லாததையே அப்பா சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

பேசாலைக்காரர் வருடாவருடம் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்கு வருகிறவராம். 1974 ஒப்பந்தப்படி நம் பக்கத்து யாத்திரிகர்கள் அங்கே போக இலங்கை விசா கேட்பதில்லை. ராமேஸ்வரத்தில் பெயர் கொடுத்துவிட்டு, விசைப்படகில் போய், ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் பூசை கண்டு திரும்பலாம். அப்பாவுக்கு முழங்கால் வலி, படகில் ஏறி இறங்குவது சிரமம், நான் மட்டும் போய் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். நேற்று சாயங்காலம் ஆதார் அட்டையை நகல் எடுத்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்திருக்கிறார். இரண்டு நகல், ஒன்று அவருடையது, ஒன்று தங்கச்சிமடத்துப் பாட்டியுடையது.