முந்திரி விற்கும் பக்கம் கூகுளில் மேலே வர

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு பண்ருட்டி பக்கத்து முந்திரி வியாபாரிகளுக்கு இணையதளம் பார்த்துக் கொடுக்கிறேன். புதிதாக வருகிற எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, முந்திரின்னு அடிச்சா நம்ம கடை மேல வரணும்."

அந்தச் சொல்லை விட்டுடுங்கண்ணே என்பேன். வெறும் 'முந்திரி' என்று தேடுகிறவர் வாங்க வந்தவரா, அதில் என்ன சத்து இருக்கிறது என்று பார்க்க வந்தவரா என்பது தெரியாது. அதனால் விக்கிப்பீடியா, உடல்நலக் குறிப்பு, படம் எல்லாம் கலந்து வரும். 'முந்திரி விலை' என்றால் வாங்கும் எண்ணம் தெரிகிறது, எது வேண்டும் என்பது மட்டும் முடிவாகவில்லை. அங்கே அமேசான், ஃபிளிப்கார்ட் போல நிறைய வகைகளை அடுக்கிக் காட்டும் பக்கங்களே பெரும்பாலும் நிற்கும். ஒற்றைப் பொருள் பக்கத்தை வைத்துக்கொண்டு அங்கே மோதுவது வீண். '320 முழு முந்திரி 1 கிலோ' என்று ரகமும் எடையும் சொல்லி ஒருவர் தேடும்போதுதான் நம் பக்கத்துக்கு வழி திறக்கிறது. எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் அந்தச் சொல்லைத் தேடி, முதல் பக்கத்தில் எந்த மாதிரிப் பக்கங்கள் வருகின்றன என்று பாருங்கள். பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

அப்புறம், பக்கத்தில் இருக்கும் எழுத்து. 'உயர்தர, சுவையான, ஆரோக்கியமான முந்திரி' என்ற அதே வரியைப் பத்துக் கடைகள் நகலெடுத்துப் போட்டிருக்கும். ஒரே மாதிரிப் பக்கங்கள் பல இருந்தால் தேடுபொறி அவற்றில் சிலதைத்தான் காட்டும், புதுக் கடை பின்னால் போய்விடும். கடையில் நேரில் கேட்பவருக்கு நீங்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 பருப்பு நிற்கும். 240 அதைவிடப் பெரிசு, 220 முதல் 240. பாயசத்துக்கும் கேசரிக்கும் பாதிப் பருப்பே போதும், பணம் மிச்சம். இப்படி எழுதின பக்கம் வாங்குகிறவருக்கு உதவுகிறது. அதைத் தேடுபொறியும் கண்டுகொள்ளும் என்பதை என் வேலையில் பார்த்திருக்கிறேன்.

விலை, இருப்பு, மதிப்பீடு இவற்றை இயந்திரம் படிக்கும்படி குறிக்க ஸ்கீமா என்று ஒரு பொது முறை உண்டு. 2011-ல் கூகுள், பிங், யாஹூ சேர்ந்து கொண்டுவந்தது. இதைப் போட்டதால் மட்டும் இடம் உயராது. தேடல் முடிவிலேயே விலையும் 'ஸ்டாக் உண்டு' என்பதும் தெரிய வாய்ப்பு வரும், ஆள் கிளிக் செய்ய அது பெரிய காரணம். ஷாப்பிங் பகுதியை 2012-ல் கட்டண விளம்பரமாக்கிய கூகுள், 2020-ல் இலவசப் பட்டியலையும் திரும்பக் கொண்டுவந்தது. சின்ன வியாபாரிகள் இதை விடக்கூடாது. ஆனால் நம் பொருள், விலை விவரங்களைக் கூகுளுக்குக் கொடுக்கும் மெர்ச்சன்ட் சென்டரில் ஒரு விலை, பக்கத்தில் வேறு விலை என்றிருந்தால் பொருளை நிராகரித்துவிடுவார்கள். முந்திரி விலை ஏறி இறங்கும் நாட்களில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று. பக்கத்துக்குள் மறைவாக எழுதும் 'மெட்டா கீவேர்டு' பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இன்றும் அதை எழுதித் தருகிறோம் என்று வியாபாரிகளிடம் மாதாமாதம் காசு வாங்குகிறார்கள். கேட்டால் கொடுக்காதீர்கள்.

320 சரக்கு தீர்ந்தால் அதன் பக்கத்தை அழித்துவிடாதீர்கள். 'இப்போது இல்லை' என்று குறித்து, அதிலேயே 240 ரகத்தின் பக்கத்துக்கு ஒரு இணைப்புக் கொடுங்கள். தீபாவளி கிஃப்ட் பாக்ஸுக்கும் அதே கதை: முகவரியில் வருடத்தைச் சேர்க்காமல் ஒரே பக்கத்தை வருடாவருடம் புதுப்பியுங்கள். போன வருடம் மற்ற தளங்களில் இருந்து அதற்குக் கிடைத்த இணைப்புகள் அப்படியே கூட வரும்.