அப்பாயி வீட்டு மனோரஞ்சிதம்

3 ஆகஸ்ட் 2022

ஆடிப்பெருக்குக்குக் கும்பகோணம் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். வீட்டை விற்றாயிற்று. பொங்கல் கழிந்ததும் வாங்கியவர்கள் இடிப்பார்கள், கிணற்றடி மனோரஞ்சிதமும் போய்விடும். “பாம்பு அடையிற செடிம்மா, அது எதுக்கு உனக்கு?” என்றார் சித்தப்பா. பூ வாசனைக்குப் பாம்பு வருவதில்லை. அடர்ந்த புதர், அடியில் குளிர்ச்சி, எலி, ஓணான் எல்லாம் இருந்தால் எந்தப் புதரிலும் பாம்பு ஒண்டும். அடிக்கிளைகளைக் கழித்து, தரையைப் பெருக்கி வைத்தால் போதும். அப்பாயி அப்படித்தான் வைத்திருந்தார்.

விதை போட்டால் முளைக்கவே மாதக்கணக்காகும். அதனால் இரண்டு கிளைகளில் பதியன் போட்டேன். மேல்கிளை ஒன்றில் ஓர் அங்குலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி, ஈரத் தேங்காய்நார்க் கழிவை வைத்துப் பாலிதீன் சுற்றிக் கட்டினேன். தாழ்ந்த கிளையில் ஒன்றை வளைத்து, லேசாகக் கீறி மண்ணுக்குள் புதைத்து, மேலே அம்மிக் குழவியை வைத்தேன்.

6 நவம்பர் 2022

மேல்பதியன் போய்விட்டது. கட்டு நெகிழ்ந்து, நார் காய்ந்து, உள்ளே எறும்பு குடிவந்திருக்கிறது. இன்னும் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். குழவியை நகர்த்தி விரலால் மண்ணைக் கிளறினேன். வெள்ளை வெளேரென்று நான்கு வேர். அப்படியே மூடிவிட்டேன். அவசரப்பட்டு வெட்ட மனமில்லை.

12 ஜனவரி 2023

தாய்ச்செடியிலிருந்து அறுத்து, மண்கட்டி உடையாமல் சாக்கில் கட்டி, பேருந்தில் மடியிலேயே வைத்துத் திருச்சிக்குக் கொண்டுவந்தேன். பாதி இலைகளைக் கழித்துவிட்டு நிழலில் வைத்திருக்கிறேன்.

26 பிப்ரவரி 2023

காலை வெயில் படும் கிழக்குச் சுவரோரம் நட்டாயிற்று. குழியில் செம்மண், மக்கிய மாட்டெரு, ஒரு கை வேப்பம் பிண்ணாக்கு. மேலே சருகு மூடாக்கு.

9 அக்டோபர் 2023

கோடையில் தினமும் தண்ணீர் ஊற்றியும் ஒரு சாண்கூட வளரவில்லை. மழை விழுந்ததும் எங்கிருந்துதான் வேகம் வந்ததோ!

14 ஆகஸ்ட் 2024

கொழுந்தெல்லாம் அரைவட்டமாகக் கடிபட்டிருந்தது. இலையைத் திருப்பினால் பச்சைப் புழு. குச்சியால் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து கவைபோல ஒன்றை நீட்டியது, கூடவே ஒரு நாற்றம். மருந்து வாங்கக் கிளம்பியவள் நின்றுவிட்டேன். கறுப்பில் பச்சைப் புள்ளி தெறித்த, ஓரிடத்தில் நில்லாமல் படபடக்கும் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை இது. நெட்டிலிங்கம், சீத்தா இலைகளில் வளர்வதும் இதுதான். மனோரஞ்சிதமும் சீத்தாக் குடும்பம்தானே. மொத்தம் ஐந்து புழு. தின்னட்டும், செடி தாங்கும்.

30 ஆகஸ்ட் 2024

இரண்டு கூட்டுப்புழு கண்ணில் பட்டது. இலையின் நிறமேதான், இலை நரம்பு மாதிரி கோடுகூட இருக்கிறது.

2 மார்ச் 2025

கொக்கி வந்துவிட்டது! கிளையில் வளைந்த காம்பு ஒன்று, தூண்டில் முள் போல. இதை வைத்துத்தான் செடி பற்றி ஏறும், பூவும் இதிலேதான் தொங்கும். எதையாவது பிடித்துக்கொண்டால் காம்பு தடித்து மரம்போல் இறுகிவிடும். 2019-இல் ஒரு நர்சரியில் மனோரஞ்சிதம் என்று சொல்லிக் கொடுத்த செடி, நார்நாராய்ச் சுருண்ட இதழோடு பூத்தது. அது குட்டை ரக யிலாங் யிலாங் என்ற வேறொரு வாசனைப் பூச்செடி. அதில் கொக்கியே கிடையாது. வாங்குகிறவர்கள் கொஞ்சம் வளர்ந்த செடியாகக் கேட்டு, இதைப் பார்த்து வாங்குங்கள்.

18 மே 2025

நேற்று மாலை துணி எடுக்கப் போனபோது வாசனை அடித்தது. எங்கே என்று தெரியவில்லை. இலைக்குள் இலையாகப் பச்சையாகவே விரிகிற பூ அது. மஞ்சளாகப் பழுக்கும்போதுதான் வாசனை ஊரைக் கூட்டும். டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை.

இன்று விடிந்ததும் அகப்பட்டது. மூன்று இதழ் வெளியே, மூன்று உள்ளே. தோல்போலத் தடித்த இதழ்கள். உள்ளிதழ்களின் அடிப்பாகம் ஒன்றுகூடிக் கிண்ணமாய் மூடியிருக்கிறது. நினைத்த பழத்தின் வாசனை வரும் என்று அப்பாயி சொல்வார். நான் எதையும் நினைக்காமல்தான் முகர்ந்தேன். பலாச்சுளை.

கிணற்றடியில் அப்பாயி இந்தப் பூவைப் பறித்து, புடவைப் பெட்டியில் மடிப்புக்குள் வைப்பார். பூ கறுத்துச் சுருங்கிய பிறகும் புடவை மணக்கும். நான் பறிக்கவில்லை. முதல் பூ, செடியிலேயே இருக்கட்டும்.

1 ஜூன் 2025

சித்தப்பா வந்திருந்தார். நேராகச் செடியிடம் போய், ஒரு பூவை உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டு, வெகுநேரம் பேசாமல் நின்றார். கிளம்பும்போது, “எனக்கும் ஒரு பதியன் போட்டு வைம்மா” என்றார்.

தாழ்ந்த கிளை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அந்தக் குழவி இங்கேதான் இருக்கிறது.