ஜெர்மனியில் முதல் குளிர்காலம்: வீட்டு ஏக்கமும் தேர்வு பயமும் ஒன்றாக வரும்போது

ஜெர்மனிக்கு முதுகலை படிக்க வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் விசா, பிளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு மாதாமாதம் எடுக்கும் வங்கிக் கணக்கு), தங்க அறை கிடைக்குமா என்பவைதான். அதற்குப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை எப்படித் தாக்குப்பிடிப்பது என்று மட்டும் யாரும் கிளம்பும் முன் கேட்பதில்லை. நான் டோர்ட்மண்டில் படித்தவன். அந்த நான்கு மாதங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

வந்த புதிதில் ஏக்கம் அவ்வளவாகத் தெரியாது. முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, காப்பீடு, வகுப்பறையைத் தேடி அலைவது என்று அக்டோபர் ஓடிவிடும். அந்த மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். மாலை வெளிச்சம் அன்றோடு சரி. டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் சூரியன் வரும், மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். பல நாள் மேகம் அந்த நேரத்தையும் மூடிவிடும். வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இது பெரிய மாற்றம். தூக்கம் கெடும், எழுந்திருக்கவே மனசு வராது, காரணம் தெரியாமல் அழுகை வரும். தனக்கு மனதைரியம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வெளிச்சக் குறைவு தூக்கத்தையும் மனநிலையையும் பாதிக்கும் என்பது மருத்துவர்கள் அறிந்ததுதான். மதியம் சாப்பிட்டதும், மேகமூட்டமாக இருந்தாலும், அரை மணி நேரம் வெளியே நடங்கள். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் குறைந்த கட்டணத்தில் ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். வாரத்தில் ஒரு மாலையாவது அறையை விட்டு வெளியே வர அது ஒரு காரணம்.

அடுத்தது வீட்டுக்குப் போன் பேசுவது. கோடையில் நமக்கும் ஊருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். குளிர்காலத்தில் அது நாலரை. மாலை வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு நாம் அழைக்கும்போது அங்கே இரவு பத்தரை. தூக்கக் கலக்கத்தில் அம்மா "சாப்ட்டியாப்பா?" என்பார், "சாப்ட்டேன்மா" என்போம், அதோடு பேச்சு முடிந்துவிடும். வைத்த பிறகு முன்பைவிட வெறுமையாக இருக்கும். காலை எட்டு மணிக்கு, வகுப்புக்குப் போகிற வழியில் பேசிப் பாருங்கள். அங்கே அப்போது பன்னிரண்டரை. சமையல் முடித்து அம்மா ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நேரம். பேச்சு தானாக வளரும். நாள் முழுக்க வீடியோ காலைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பவர்களும் உண்டு. அது வேண்டாம் என்பதே என் கருத்து. உடம்பு இங்கேயும் மனசு அங்கேயுமாக இருந்தால் இந்த ஊரில் கால் ஊன்றவே முடியாது. பேசுகிற நேரத்தில் உள்ளதைச் சொல்லுங்கள். "இங்க கொஞ்சம் கஷ்டமா இருக்கும்மா, ஆனா சமாளிக்கிறேன்" என்பதைத் தாங்கிக்கொள்ளும் பக்குவம் பெற்றோருக்கு உண்டு.

படிப்பு தரும் அழுத்தத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் இன்டர்னல் தேர்வு, அசைன்மென்ட், வருகைப் பதிவு என்று யாராவது நம்மை விரட்டிக்கொண்டே இருப்பார்கள். இங்கே பெரும்பாலான பாடங்களுக்கு மதிப்பெண் முழுவதும் கடைசியில் எழுதும் ஒரே தேர்வில்தான். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இருட்டு, ஏக்கம், வேலை என்று நாட்கள் போய், ஜனவரியில் மொத்த பாடமும் மலையாக நிற்கும். வீட்டு ஏக்கம் என்று நாம் நினைப்பதில் பாதி இந்தப் பயம்தான். அதனால் ஊபுங் எனப்படும் வாராந்திரப் பயிற்சி வகுப்பை விடவே விடாதீர்கள். அதில் தரும் பயிற்சித் தாளை நம் ஊர் ஆட்களோடு மட்டும் உட்கார்ந்து போடாமல், வேறு நாட்டு மாணவர் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழர் நாலு பேர் சேர்ந்தால் அரை மணியில் பேச்சு கடன் வட்டிக்கும் பார்ட் டைம் வேலைக்கும் போய்விடும்.

பழைய வினாத்தாள்களை ஃபாக்‌ஷாஃப்ட் எனும் துறை மாணவர் அமைப்பில் கேளுங்கள், பல இடங்களில் கிடைக்கும். முதல் செமஸ்டரிலேயே 30 கிரெடிட்டையும் முடித்தாக வேண்டும் என்று தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இரண்டு வருடப் படிப்பை இரண்டரை, மூன்று வருடத்தில் முடிப்பவர்கள் ஏராளம். மூன்று நான்கு பாடங்களைத் திருத்தமாக எழுதுவது மேல். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று முயற்சிகள்தான். மூன்றிலும் தவறினால் அந்தப் படிப்பையே விட வேண்டிவரும். ஆகவே தயாராகாமல் போய் ஒரு முயற்சியை வீணாக்குவதைவிட, கடைசித் தேதிக்குள் தேர்வுப் பதிவை ரத்து செய்வது நல்லது. உங்கள் துறையின் தேர்வு விதிகளை நவம்பரிலேயே படித்துவிடுங்கள். மதிப்பெண் முறையும் தலைகீழ்: 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி எல்லை, 5.0 தோல்வி. முடிவு வந்ததும் திருத்திய விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் குறிப்பார்கள். தேர்ச்சி பெறாதவர்கள் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். எங்கே இடறினோம் என்று தெரிந்தாலே பயம் பாதி இறங்கும்.

பணத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். 2024 செப்டம்பர் முதல் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது விதி, மாதத்துக்கு 992. ஒவ்வொரு காபியையும் ரூபாயாக மாற்றிப் பார்த்தால் மனசு நோகும். அந்த 992-க்குள் கணக்குப் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாவற்றிலும் கடினமான நாள். கடைகள் மூடியிருக்கும், தெருவில் சத்தமே இருக்காது. சனிக்கிழமையே சாமான் வாங்கி, ஞாயிறு விடுதிச் சமையலறையில் சேர்ந்து சமைப்பதை வழக்கமாக்குங்கள். டோர்ட்மண்ட் இருக்கும் ரூர் பகுதி ஊர்களில் ஈழத்தமிழர் கடைகள் உண்டு. "தம்பி, எப்ப வந்தனீங்கள்? தனியவோ இருக்கிறியள்?" என்று கேட்கும் அக்காவிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்தால் அந்த வாரமே வேறாக இருக்கும். அவர்களில் பலர் 1980களில் போருக்குத் தப்பி வந்தவர்கள், நினைத்தபோது ஊர் திரும்ப முடியாதவர்கள். ஏக்கத்தோடு ஒரு வாழ்க்கையையே கட்டி எழுப்பியவர்களிடம் நமக்குக் கற்க நிறைய இருக்கிறது. பக்கத்தில் ஹம் நகரில் அவர்கள் எழுப்பி, 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. கோடையில் தேர்த் திருவிழா நடக்கும்போது ஒருமுறை போய் வாருங்கள். சாமி நம்பிக்கை இல்லாதவர்களும் போகலாம்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் ஆசையில்லை என்றால் அதை வெறும் வீட்டு ஏக்கம் என்று தள்ளிப்போடாதீர்கள். மாணவர் நல அமைப்பான ஸ்டூடியரன்டன்வெர்க்கில் உளவியல் ஆலோசனை இலவசம், பல நகரங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். நீங்கள் சொல்வது பேராசிரியருக்கோ விசா அலுவலகத்துக்கோ போகாது. தேர்வு நெருங்கும்போது அங்கே காத்திருக்க வேண்டிவரும் என்பதால் சீக்கிரமே நேரம் கேளுங்கள். இங்கே நீங்கள் போகும் குடும்ப மருத்துவரிடமும் இதைச் சொல்லலாம், காப்பீடு ஏற்கும். இரவில் தாங்க முடியாமல் போனால் டெலிஃபோன்ஸேல்சோர்க எனும் தொலைபேசி ஆறுதல் சேவையை அழையுங்கள்: 0800 1110111. கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், பெரும்பாலும் ஜெர்மனில் பேசுவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் அவசர உதவி எண் 112-ஐ அழையுங்கள்.

விடுதியில் உங்களோடு இருக்கும் ஒருவர் சமையலறைப் பக்கமே வருவதில்லை என்றால் கதவைத் தட்டுங்கள். மருத்துவரிடம் போக வேண்டியிருந்தால் கூடவே போங்கள். முதல் சந்திப்புக்குத் தனியாகப் போவது எளிதல்ல, ஜெர்மன் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவருக்குப் பெரிய உதவி.